மிச்சக் கலவை

பட்டாளத்துக்காரர்கள் கட்டிய கட்டடத்தில் ஒரு வசதி உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. வசதி, அது இடிந்து விழாது. தொல்லையும் அதேதான். ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட அரைநாள் போய்விடும். எங்கள் ஊருக்கு மேற்கே, மேட்டின்மேல் இருந்த வெடிமருந்துக் கிடங்கு அந்த ரகம். அதன் சுவரின் அகலத்துக்கு ஓர் ஆள் குறுக்கே படுத்துத் தூங்கலாம். ஜன்னல் திண்டில் நானே தூங்கியிருக்கிறேன். பட்டாளம் போனபிறகு கொஞ்ச காலம் அதில் தானியம் அடைத்தார்கள். அப்புறம் ஆடு அடைத்தார்கள். அப்புறம் எதையும் அடைக்காமல் வௌவாலுக்கு விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஆடவும் பாடவும் படம் வரையவும் அதைக் கலைக்கூடமாக மாற்றலாம் என்று நகரசபைக்கு ஒருநாள் தோன்றிவிட்டது.

அந்த வேலையில் நான் ஸ்டோர் கீப்பர். சிமெண்டு மூட்டைக்கும் மண்வெட்டிக்கும் காவல் இருப்பவனுக்கு அப்படி ஒரு பட்டம், அவ்வளவுதான். வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். தார்ப்பாய் வேண்டுமென்றால் பாப்போம், குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பாப்போம். முதுகுக்குப் பின்னால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பயந்த மனிதர். பயந்தவர்கள் கையில் அதிகாரம் இருந்தால் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் ஆபத்து.

கொத்தனாரும் அவர் மனைவியும் என் வீட்டை ஒட்டிய பகுதியில் குடியிருந்தார்கள். நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அவர் தும்மினால் நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். பூச்சு வேலையில் அவர் மகா கெட்டிக்காரர், பேச்சில் மகா கஞ்சன். அவள்தான் அவருக்குச் சித்தாள். கலவையைக் குழைத்து, சட்டியில் அள்ளி, தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறிக் கொடுப்பவள். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், வயதில் மூத்தவனான நான் உட்பட.

அக்காவின் தம்பி தச்சு வேலைக்காரன். நடன மண்டபத்துக்கு மரத்தரை போட ஆள் தேடியபோது, மச்சினன் பெயரைச் சொன்னது கொத்தனார்தான். "நல்லா செய்வான், நான் பொறுப்பு" என்று கான்ட்ராக்டரிடம் சொன்னார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாதம் முழுக்க என்னிடம் அவர் பேசியது அதைவிடக் குறைவு.

தம்பி பலகைகளை வாங்கி வந்து, காயப்போட அக்காள் வீட்டைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கோடை முழுக்க அந்த வீட்டில் மனிதர்களைவிடப் பலகைகளுக்குத்தான் மரியாதை. கட்டிலுக்கு அடியில் பலகை, அடுப்படி ஓரத்தில் பலகை, பரண்மேல் பலகை. வேலைக்குப் போகுமுன் வெயிலில் எடுத்து அடுக்குவாள், வந்ததும் புரட்டிப்போட்டு உள்ளே எடுத்து வைப்பாள். கால் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. "குழந்தை குட்டி இருந்தா படுக்கவைக்கக்கூட இடம் இருக்காது" என்று சிரித்தபடி சொல்வாள். சொல்லிவிட்டு, சிரிப்பைச் சட்டென்று நிறுத்திக்கொண்டு வேறு வேலையைப் பார்ப்பாள்.

கட்டட வேலையில் எங்கும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. சித்தாள் பூச்சுக் கரண்டியைத் தொடக்கூடாது. கலவை அள்ளிக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது. பூசுவது கொத்தனார். கரண்டி அவருடைய சொந்தச் சொத்து. சாயங்காலம் கழுவித் துடைத்து, துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். இன்னொரு சட்டமும் உண்டு. குழைத்த கலவை மிஞ்சினால் கொட்டக்கூடாது. மறுநாளைக்கு அது கல்லாகிவிடும். அதனால் எங்காவது பொந்து இருந்தால் அதில் அப்பிவிட்டு வரவேண்டும். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். பழைய கட்டடங்களில் பாதிப் பொந்து இப்படித்தான் அடைபட்டிருக்கும்.

தினமும் வேலை முடிந்ததும் கொத்தனார் குழாயடிக்குப் போவார். போகும்போது, "மிச்சத்த எங்கயாச்சும் அப்பிட்டு வா" என்பார். கரண்டியை மட்டும் வைத்துவிட்டுப் போவார். கையால் அப்பினால் சிமெண்டு கையைத் தின்றுவிடும் என்பது அவர் கணக்கு. பிறர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்று முதல் தடவை சொன்னதோடு சரி. அவள் கிடங்கின் பின்பக்கம் போய்விடுவாள். அந்தப் பக்கம் முட்புதர் மண்டிக்கிடந்து அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். முழங்கால் உயரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொந்துகள். கையை விட்டால் முழங்கை வரை போகும், பிறகு வளைந்து முட்டும். எலி வளை, பல்லி குடியிருக்கும் சந்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். உள்ளே கல் சில்லுகளைத் திணித்து, மேலே கலவையை வைத்து, கரண்டியால் இழுத்து, மட்டம் பார்த்து, ஈரத்துணியால் ஒரு தடவு தடவிவிட்டு வருவாள். நாளுக்கு ஒன்றோ இரண்டோ. அதில் அவளுக்கு ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. சாயங்கால வெயிலில், தன் பூச்சு எது, பழைய சுவர் எது என்று தனக்கே தெரியவில்லை என்றால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவாளாம். இதெல்லாம் பின்னால் அவள் வாயாலேயே கேட்டது.

சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் வந்து அந்தச் சுவரை ஒரே வெள்ளையாக அடித்துவிட்டுப் போனார்கள். தம்பி தரையைப் போட்டு முடித்தான். குறுக்குச் சட்டங்களை அடுக்கி, மேலே பலகையை இழைத்து, ஒன்றோடொன்று கோத்து, மெழுகு தேய்த்து முடித்தபோது, செருப்போடு உள்ளே வந்த கான்ட்ராக்டர் தானாகவே செருப்பைக் கழற்றினார். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆடப்போகும் பிள்ளைகள் இரண்டு தடவை வந்து ஆடியும் பார்த்தார்கள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது.

விட்டுவிட்டுப் பெய்தால்கூட மண் மூச்சுவிடும். அந்த மழை விடவே இல்லை. மேட்டுத் தண்ணீரெல்லாம் கிடங்கின் அடியிலேயே ஊறியது. முதலில் மண்டபத்தின் மூலையில் ஒரு பலகை லேசாகத் தலைதூக்கியது. தம்பி இழைத்துச் சமன்செய்தான். மறுநாள் அதன் பக்கத்துப் பலகை. அதற்குப் பிறகு நடுவில் பத்துப் பன்னிரண்டு பலகைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, நனைந்த புத்தக அட்டைபோல எழுந்து நின்றன. உள்ளே போனால் சுவரெல்லாம் வேர்த்திருந்தது. துவைத்த துணியை மூட்டைகட்டி வைத்ததுபோல ஒரு வாடை.

கான்ட்ராக்டருக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்ததும் ஆள் தேடினார். "பச்சை மரத்தைப் போட்டுட்டான்" என்று அவர் சொன்ன வார்த்தை, மதியச் சாப்பாட்டுக்குள் வேலைத்தளம் முழுக்கப் பரவி, சாயங்காலத்துக்குள் ஊருக்கும் போய்விட்டது. காயாத மரத்தைப் போட்டவன் என்று பெயர் வாங்கிய தச்சனை ஒரு நாற்காலி செய்யக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள். தம்பி எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தான். கடைசியில் ஒரு பலகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

அக்காதான் ரொம்பத் துடித்தாள். என் மனைவியிடம் வந்து, "ஒவ்வொரு பலகையும் என் கைபட்டு காஞ்சதுங்க. என் கையில வெச்சா கனமே இருக்காது. அது எப்படி ஊறும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். எதனால் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

தெரிந்தது மறுநாள். வேறு ஊர் வேலையில் இருந்த இன்ஜினியரம்மாவை கான்ட்ராக்டர் வரவழைத்திருந்தார். அந்த அம்மாள் நிதானமானவர், யாரையும் வா போ என்று பேசமாட்டார். தரையைப் பார்த்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார். பட்டாளத்துக் காலத்துப் படம் ஒன்றை விரித்து, கான்ட்ராக்டரிடம் விளக்கினார். வெடிமருந்து நமுத்துப்போகாமல் இருக்க, சுவருக்குள்ளேயே காற்றுப் போக வழி விட்டிருப்பார்களாம். நேராக விட்டால் வெளியிலிருந்து நெருப்புப்பொறி உள்ளே போய்விடும் என்று வளைத்து விட்டிருப்பார்களாம். உள்பக்க வாய் தரைக்கு அடியில், வெளிப்பக்க வாய் பின்சுவரில் முழங்கால் உயரத்தில். அது திறந்திருந்தால் எந்த மழைக்கும் தரை ஊறாது என்றார்.

கலவைச் சட்டியோடு அந்தப் பக்கமாக வந்த அக்கா, சாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டதை நான் பார்த்தேன். தலைச்சுற்றல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜினியரம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். சுவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வழவழவென்று இருந்தது. ஓட்டையும் இல்லை, ஓட்டை இருந்த தடமும் இல்லை. கையால் தடவிக்கொண்டே நடந்தார், தட்டியும் பார்த்தார். கடைசியில், இந்தப் படம் கட்டுவதற்கு முன்னால் போட்டதாக இருக்கும், கட்டும்போது வழி விடாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்றார். "அப்போ மரம்தான் மேடம்" என்றார் கான்ட்ராக்டர். அந்த அம்மாள் படத்தைச் சுருட்டினார். தரை முழுவதையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு மறுநாளே தம்பி கிளம்பிவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் பக்கத்து வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்கவேண்டாம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தால் காது தானாகவே கேட்கும்.

"என்னங்க."

"ம்."

"மிச்சக் கலவைய எங்க போடுறேன்னு நீங்க ஒருநாள்கூட கேட்டதில்லையே."

 கொத்தனாருக்கு ஒரு வார்த்தை போதும், மீதியைத் தானே கட்டிக்கொள்வார்.

"எத்தன?"

"பின்பக்கம் பூரா."

 அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "இன்ஜினியரம்மாவே ஓட்டை இல்லன்னு சொல்லிட்டாங்க. விடு."

"இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா? போய் சொல்லப்போறியா? சித்தாள் பூசினாள்னா எவன் நம்புவான்? நான் அடைச்சிட்டு உன்ன முன்னால விடுறேன்னுதான் சொல்வான். இல்ல, நம்பிட்டான்னு வையி. பொண்டாட்டி கையில கரண்டியக் குடுத்துட்டு குழாயடியில நின்னவன்னு ஒவ்வொரு சாரத்துலயும் சொல்லிச் சிரிப்பான். அதுக்கப்புறம் நான் எங்க போயி நிக்கிறது?"

"அப்போ தம்பி?"

"அவன் சின்ன வயசு. வேற ஊர்ல பொழச்சுக்குவான்."

"பச்சை மரம் போட்டவன்னு பேரு வாங்கிட்டு எந்த ஊருலங்க பொழைப்பான்? அந்தப் பேரு அவனுக்கு முன்னாடி போயி நிக்குமே."

கொத்தனார் சாப்பாட்டில் பாதியிலேயே கை கழுவிய சத்தம் கேட்டது. எனக்கும் சோறு இறங்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இரண்டு பக்கமும் இருந்தது. 

மறுநாள் மழை தூறலாகிவிட்டிருந்தது. வேலை தொடங்குமுன் அக்கா ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "அண்ணே, ஒரு உளியும் சுத்தியலும் குடுங்க" என்றாள். எதற்கு என்று கேட்பது என் உத்தியோகம். அன்றைக்குக் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

பின்சுவர் ஓரத்தில் இன்ஜினியரம்மாளும் கான்ட்ராக்டரும் நின்றிருந்தார்கள். மண்டபத்திலிருந்து பலகை பெயர்க்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஆணி கழன்று வரும்போதும் கிறீச்சென்று ஒரு சத்தம். அக்கா அவர்கள் முன்னால் போய் நின்று, நேற்று நினைத்து வைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஓட்டை இருக்குதுங்கம்மா. நான்தான் அடைச்சேன். மிஞ்சின கலவைய வெச்சு அடைச்சேன். மரம் நல்ல மரம். என் தம்பிமேல தப்பே இல்ல."

கான்ட்ராக்டர் சிரித்தார். "பாத்தீங்களா மேடம், தம்பிப் பாசம்."

இன்ஜினியரம்மாள் சிரிக்கவில்லை. கனிவாகத்தான் பேசினார், அது இன்னும் மோசம். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா அவரைக் காப்பாத்துறதுக்காக இல்லாத ஒண்ண சொல்லாதீங்க. நான் ஒவ்வொரு அடியா தடவிப் பாத்தேன்."

சத்தம் கேட்டுத் தம்பி வெளியே வந்தான். அவனும் நம்பவில்லை. "அக்கா, எனக்காக நீ பொய் சொல்லி அசிங்கப்படாத. நான் போயிக்கிறேன்" என்றான். மற்ற கொத்தனார்கள், சித்தாள்கள், சுண்ணாம்புக்காரர்கள் என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. அவள் வீட்டுக்காரர் சாரத்தின்மேல் நின்றிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு.

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். கண்ணால் பார்க்கவில்லை. உள்ளங்கையை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தினாள். உளியை வைத்து அடித்தாள். வெள்ளைப் பூச்சு உதிர்ந்தது, கல் சில்லு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசிச் சில்லை அவள் உருவியபோது, உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்று ஈரவாடையோடு எங்கள் முகத்தில் அடித்தது. இன்ஜினியரம்மாள் குடையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போய், வளைந்து முட்டியது.

அக்கா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் வந்தது. அதையும் கான்ட்ராக்டர் நிற்கவிடவில்லை.

"சரி, ஓட்டை இருக்கு. ஆனா இந்தப் பூச்சு சித்தாள் பூசின பூச்சா?" என்று சாரத்தை நோக்கிக் குரலை உயர்த்தினார். "ஏம்ப்பா, பண்ணினது நீ. பொம்பளையப் பேசவிட்டுட்டு மேல நின்னு வேடிக்கை பாக்குறியா? தம்பிக்குப் பதிலா நீ கெளம்பு, எனக்கு ஒண்ணும் நட்டமில்ல."

முந்தின ராத்திரி கொத்தனார் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. தம்பியைக் காப்பாற்ற வந்தவள் புருஷனைத் தள்ளிவிட்டாள். "அவருக்குத் தெரியாதுங்க, சத்தியமா தெரியாது" என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. யாரோ ஒரு கொத்தனார் பின்னால் கனைத்தான். தம்பி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான், மூக்கு விடைக்க. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் இரண்டு பேரும் ஜென்மப் பகையாளிகள் ஆகியிருப்பார்கள்.

கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கினார். அவசரப்படாமல் இறங்கினார், எனக்குத்தான் பதறியது. கக்கத்திலிருந்த துணியைப் பிரித்து, கரண்டியை எடுத்து, தன் சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்தார். எல்லோரும் பார்க்க, கைப்பிடிப் பக்கத்தை அவளிடம் நீட்டினார்.

"பூசிக் காட்டு."

அவள் வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கரண்டியக் குடுத்தது நான். மிச்சத்த எங்கயாச்சும் அப்புன்னு சொன்னதும் நான். எங்கன்னு கேக்காதது என் தப்பு. ஆனா பூசினது இவதான்" என்றார், கூட்டத்தைப் பார்த்து. அவர் அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு அவளிடம், "வாங்கு, கை வலிக்குது" என்றார்.

அவள் உளியால் கொத்தியதில் ஓட்டையைச் சுற்றிச் சுவர் பிய்ந்திருந்தது. அந்த விளிம்பில்தான் பூசினாள். முதல் இழுப்பில் கலவை கீழே விழுந்தது. யாரோ சிரித்தார்கள். இரண்டாவது இழுப்பில் சிரிப்பு நின்றது. மூன்றாவதுக்குப் பிறகு அவள் எங்களை மறந்துவிட்டாள். மட்டம் பார்த்து, ஓட்டையின் வாயை வட்டமாக வளைத்து, ஈரத்துணியால் ஒரு தடவு தடவிவிட்டு எழுந்தாள். கனைத்த கொத்தனார் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் வேலைக்குப் போனான். எங்கள் தொழிலில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

இன்ஜினியரம்மாள் பூச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். "பெரிய தப்பு பண்ணியிருக்கீங்கம்மா" என்றார். "ஆமாங்க" என்றாள் அக்கா. "அத்தனையும் எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றாள். எல்லாவற்றையும் திறந்து, விளிம்பையும் அவளே பூசிவிட வேண்டும், தரை காய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு, அதுவரை யாரும் போக வேண்டாம் என்றார். கான்ட்ராக்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர், "பாப்போம் மேடம்" என்றார். திறப்பு விழா தள்ளிப்போனது. நகரசபையில் அதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அன்றைக்கு மதியம்வரை அக்கா ஓட்டை ஓட்டையாகத் திறந்துகொண்டே போனாள். ஐந்தாவதோ ஆறாவதோ திறக்கும்போது கலவை தீர்ந்துவிட்டது. பழக்கத்தில் எழுந்து சட்டியைத் தேடினாள். அது இடத்தில் இல்லை. கொத்தனார் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார், வழிந்த தண்ணீர் காதோரம் ஒழுக. அவள் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

"கெட்டியா இருக்கா, இன்னும் தண்ணி விடணுமா?"

அவள் கரண்டியால் கிளறிப் பார்த்தாள். "கொஞ்சம் விடுங்க" என்றாள்.

உள்ளே தம்பி, பெயர்த்த பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அக்காளோடு அவன் பேசவில்லை. வாங்கிய பெயர் ஒரு வார்த்தையில் அழிந்துவிடாது, அது அவனுக்குத் தெரியும். அவள் வாசலில் போய் நின்று, வீட்டுக்கு எடுத்துப் போகலாம், மறுபடி நானே காயப்போட்டுத் தருகிறேன், ஒரு கட்டு நான் தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் நிமிராமல் இன்னும் இரண்டு பலகையைச் சாய்த்தான்.

"நீ ஒண்ணும் தூக்க வேணாம்" என்றான் கடைசியாக. "எங்க ஓட்டையப் பாத்தாலும் என்னை ஒரு வார்த்த கேட்டுட்டு அடை. அது போதும்."

அவள் தலைத்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. பின்சுவர் வழியாக வந்த காற்றில், பலகைகளின் அடியில் கிடந்த மரச்சுருள்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.